பூவரசில் கூடு கட்டிய சத்தம்

இது நான் கண்டதில்லை, கேட்டது. திருநெல்வேலியில் ஒரு தேர்வு மையத்தின் வாசலில் ஐப்பசி மழைக்கு ஒதுங்கி நின்றபோது பக்கத்தில் நின்ற பெண் சொன்னாள். அவளுக்கு அவளுடைய சித்தி சொன்னாளாம். அந்தச் சித்தி வாக்கப்பட்டது வாகைநேரியில். இரண்டு வாய் கடந்து வந்த கதையில் எது கூடியிருக்கிறது, எது வழியில் உதிர்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுதியிருக்கிறேன்.

வாகைநேரியில் மூன்று தலைமுறையாக யாரும் வெடி வெடித்ததில்லை. புரட்டாசி கடைசியில் முதல் மழை விழுந்து குளத்தில் கணுக்காலளவு தண்ணீர் சேர்ந்ததும், நத்தைகுத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் வந்து, குளத்துக்குள் நிற்கிற கருவேல மரங்களில் இடம் போதாமல் ஊருக்குள் புகுந்து, வீடுகளின் புறவாசலில் நிற்கிற புளி, வேம்பு, பூவரசு எல்லாவற்றிலும் கூடு வைக்கும். எந்த மரத்தில் பறவை கூடு வைக்கிறதோ அந்த மரத்துக்கார வீடு அந்தப் பறவைக்குத் தாய்வீடு என்பது ஊர் வழக்கம். பிள்ளைப்பேறுக்கு வந்த மகளிடம் எப்படி நடந்துகொள்வார்களோ அப்படி அதனிடம் நடந்துகொள்ள வேண்டும் என்பதும் வழக்கம். "எங்க வீட்டுல இந்த வருசம் பதினாலு பேறுகாலம்" என்று ஒருத்தி சொன்னால் வெளியூர்க்காரர்கள் திகைத்துப் போவார்கள். வாகைநேரிக்காரர்கள், "அப்பம் ஒனக்குக் கை ஒழியாதுட்டி" என்பார்கள்.

பறவை வந்த நாள் முதல் தை பிறக்கும்வரை ஊரில் மேளம் கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது, மாட்டு மணிக்குள் துணியைத் திணித்து வைத்திருப்பார்கள், குக்கர் முதல் விசிலுக்கு மூச்சு வாங்கும்போதே அடுப்பை அணைத்துவிடுவார்கள், மீன் கொண்டுவருகிறவர் ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தி ஹார்னைத் துண்டால் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வருவார். உதிர்ந்த சருகை யாரும் கொளுத்த மாட்டார்கள். புறவாசல் மூலையில் குவித்து விடுவார்கள். அதற்குள் அரணையும் தேரையும் குடிவரும், அதுகளைத் தேடிச் சாரைப்பாம்பு வரும், சாரையைப் பார்த்தால் ஒதுங்கி நின்று வழிவிட்டுவிட்டு மறுபடி பாத்திரம் விளக்குவார்கள். தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, ஊரே குளத்துக்கரையில் வரிசையாக நின்று இரண்டு உள்ளங்கைகளையும் தண்ணீரைப் பார்த்து விரித்துக் காட்டும். எங்கள் கையில் ஒன்றுமில்லை என்று பறவைகளுக்குச் சொல்வது அது. அதற்குக் கைகாட்டு என்று பெயர்.

முனீஸ்வரி அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்ததே அந்த வழக்கத்துக்காகத்தான். அவள் பிறந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாசுப் பட்டறைக்குப் போவார்கள். அவள் வீட்டில் மூன்று பேர் போனார்கள்: அப்பா, அக்கா, அவள். அப்பாவுக்கு இரண்டு காதும் போய்விட்டது. அக்கா ஒரு வெள்ளிக்கிழமை வேலைக்குப் போய் வீடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு யாராவது கதவை ஓங்கிச் சாத்தினாலும் முனீஸ்வரி சுவரோடு ஒட்டிக்கொள்வாள். வாகைநேரி மாப்பிள்ளை, லோடு ஆட்டோ ஓட்டுகிறார், பெயர் கொம்பையா, அந்த ஊரில் ஊசிவெடி கூடக் கிடையாதாம் என்று தரகர் சொன்னபோது, மாப்பிள்ளையின் படத்தைக் கூடப் பார்க்காமல் சரி என்று தலையாட்டினாள்.

முந்தின வருஷம் தலைத்தீபாவளிக்கு வழக்கப்படி இருவரும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதனால் அவளுக்கு வாகைநேரியில் இதுதான் முதல் தீபாவளி, முதல் கைகாட்டு. அவள் கவலையெல்லாம் கைதான். பட்டறையில் ஏழு வருஷம் அள்ளிய வெள்ளி மருந்து உள்ளங்கை ரேகைகளுக்குள் ஏறி, எத்தனை தேய்த்தும் போகாமல், நத்தை ஊர்ந்த தடம் மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் மாமியார் பிரமு கிண்ணம் நிறைய மருதாணி அரைத்து, தானே அப்பிவிட்டாள்.

"ரெண்டு கையிலயும் ரேகையே தெரியாம அப்புங்கத்தே."

"ஏம்ட்டி, பறவைக்கு மருதாணி எது, மருந்து எதுன்னு தெரியாதுங்கியா?"

"பறவைக்குத் தெரிஞ்சா பரவாயில்லத்தே. ஆளுகளுக்குத்தான்."

பிரமு சுண்டுவிரல் நுனி வரை அப்பினாள்.

மறுநாள் விடியலில் ஊர் கரையில் வரிசை கட்டி நின்றது. முதல் கை பூலுடையாருடையதாக இருக்க வேண்டும். அவர்தான் முப்பது வருஷமாகக் கூடுகளைக் கணக்கெடுத்து எழுதி வருகிறவர், கீழே விழுந்த குஞ்சுகளுக்கு மீன் நறுக்கி ஊட்டுகிறவர், வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பிய தூரநோக்கி ஒன்று எப்போதும் அவர் கழுத்தில் தொங்கும். அவரைக் காணவில்லை. எல்லாரும் எண்ணெய் மினுங்கும் முகத்தோடு காத்து நின்றார்கள். அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

ஒரே ஒரு சத்தம். குளமே எழுந்தது என்று சொன்னாள் அந்தப் பெண். தண்ணீரைத் தவிர எல்லாம் எழுந்தது. கருவேல மரங்கள் வெறும் மரங்களாயின. வானத்தில் நாரைகள் சுற்றிச் சுற்றி வந்து கத்தின. கரையோர வேம்பிலிருந்து ஒரு முட்டை விழுந்து, விரித்து வைத்திருந்த யாருடைய கைக்கும் எட்டாமல், மண்ணில் உடைந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பூலுடையார் தம் நாய் செவலை முன்னால் ஓட, முழங்கால் வரை சேறோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"மேக்க கரையில உடைப்பு எடுக்கான்னு பாக்கப் போனேன். யாருல அது? எவன்ல வெடிச்சது?"

 ஒவ்வொருவரும் பக்கத்தில் நின்றவரின் கையைப் பார்த்தார்கள்.

அடுத்து நடந்ததை அந்தப் பெண் சாதாரணமாகத்தான் சொன்னாள், நானும் அப்படியே சொல்கிறேன். வெடித்த சத்தம் முடியவில்லை. மற்ற சத்தங்கள் மாதிரி மங்கி, கரைந்து, இல்லாமல் போகாமல் அது கரையைச் சுற்றி ஒரு வட்டம் பறந்து, மடைக் கல்லில் உட்கார்ந்தது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் கல்மேல் தேங்கியிருந்த மழைத்தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கியது. மத்தியானம் கரையோர வேம்புக்கு வந்தது. ஒரு குடம் தண்ணீரைத் தொங்கவிட்டது போல் கிளை தாழ்ந்தது, இலைகள் உதறின, மறுபடி ஒருமுறை வெடித்தது. பிறகு விளக்கு வைக்கிற நேரத்தில் ஒருமுறை. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு மூன்று வேளை. பால் கறக்கிற நேரம், உச்சிப்பொழுது, விளக்கு வைக்கிற நேரம்.

முதல் நாள் ஊர் பயந்தது. இரண்டாம் நாள், எது வந்தாலும் அதற்கு ஓர் ஒழுங்கு ஏற்படுத்திக்கொள்கிற ஊர்களைப் போல வாகைநேரியும் ஏற்படுத்திக்கொண்டது. கிளை தாழ்வதை முதலில் பார்க்கிறவர் துண்டை வீசிக் காட்ட வேண்டும், துண்டைப் பார்த்தவர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும், இரண்டு கையிலும் வேலை இருப்பவருக்கு அடுத்தவர் பொத்திவிட வேண்டும். ஒரு வாரத்தில் அது பல் துலக்குவது போல் ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் உச்சிப்பொழுது மணியை நிறுத்திவிட்டார்கள், சத்தம் அதைவிடச் சரியாக வந்தது. அது வந்து உட்கார்ந்த வீட்டில் மரத்தடியில் ஒரு சட்டி தண்ணீர் வைத்தார்கள். எதற்கென்று யாருக்கும் தெரியாது, வைக்காமலும் இருக்க முடியவில்லை. பறவைகளோ மூன்றாம் நாளே திரும்பி வந்துவிட்டன. சத்தம் உட்கார்ந்த அதே கிளையில், அது வெடிக்கும்போது கழுத்தைக் கொஞ்சம் உள்ளிழுத்துக்கொண்டு, பிறகு மறுபடி நத்தையை உடைத்துத் தின்றது ஒரு நாரை. பறவைகளுக்குப் பழகிவிட்டது. ஆட்களுக்குத்தான் பழகவில்லை, ஏனென்றால் அதை வெடித்தது யார் என்று தெரியவில்லை.

சத்தம் இன்று ஒரு வீடு, நாளை ஒரு வீடு என்று மாறி மாறி உட்கார்ந்தது. அது உட்காருகிற வீட்டைத்தான் அன்றைக்கு ஊர் சந்தேகப்பட்டது. உப்புக் கடன் கேட்டுப் போகிறவள் கொடுக்கிற கையை மோந்து பார்த்தாள். டீக்கடைக்காரர் டம்ளரைக் கையில் தராமல் மேசையில் வைத்துத் தள்ளினார். அண்ணனும் தம்பியும் ஒருவர் சட்டைப் பையை ஒருவர் துழாவினார்கள். சருகுக் குவியலுக்குள் வெடிக்காகிதம் கிடக்கிறதா என்று பக்கத்து வீட்டுக் குவியலைக் குச்சியால் கிளறினார்கள். தேரைகள் குடிபெயர்ந்து நடுத்தெருவில் உட்கார்ந்தன, சாரைக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. முதலில் இதெல்லாம் வேதனையாகத்தான் இருந்தது என்றும், பத்து நாளில் அதில் ஒரு ருசி வந்துவிட்டது என்றும் அந்தப் பெண் சொன்னாள். காலையில் எழுந்ததும் இன்று யாரைச் சந்தேகப்படலாம் என்ற நினைப்பில் ஊருக்கு ஒரு சுறுசுறுப்பு இருந்ததாம்.

அப்படியிருந்த ஒரு நாள், அடிபம்பில் குடத்தை வைத்துவிட்டு எல்லாரும் காதைப் பொத்தி நிமிர்ந்த பிறகு, முனீஸ்வரி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னாள்: "இது வெடி இல்லக்கா."

பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய் பம்புப் பிடியை விட்டாள். "வெடி இல்லன்னா என்னதுட்டி, வடையா?"

"வெடின்னா மொதல்ல திரி ஓடும். ஸ்ஸ்னு ஒரு எரைச்சல். அப்புறந்தான் வெடிக்கும். வெடிச்சதும் காகிதம் கிழிஞ்சு விழுகுற சத்தம் ஒண்ணு இருக்கும், மழை தூறுற மாதிரி. இதுல திரியும் இல்ல, காகிதமும் இல்ல."

"ஏயப்பா! நாங்க பொறந்ததுல இருந்து வெடியவே பாத்ததில்ல. ஒனக்கு அதுக்குள்ள எத்தனை காகிதம் இருக்குன்னு தெரியுது!"

மற்றவர்கள் சிரிக்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். போகிறவர்கள் எல்லாம் அவள் கையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். பத்து நாளில் மருதாணி வெளுத்து, ரேகைகளில் வெள்ளி தெரிய ஆரம்பித்திருந்தது.

அன்று சாயங்காலம் அவள் தன் தகரப்பெட்டியைத் திறந்தபோது சேலைகள் வேறு மாதிரி மடிக்கப்பட்டிருந்தன. அவள் மடிப்பு மூன்று, இது நான்கு. நான்காக மடிப்பது கொம்பையாதான், ஆட்டோவின் தார்ப்பாயை அவன் அப்படித்தான் மடிப்பான். அவள் பெட்டியை மூடி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். அவன் வந்து, முகம் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டே நின்றான்.

"தேடுனதுக்கு எதும் கெடைச்சுதா?"

அவன் துடைத்துக்கொண்டே இருந்தான். "ஊர்ல கேக்காவ. இல்லன்னு சொல்லணும்லா. பாக்காம எப்படி இல்லன்னு சொல்ல?"

"நீங்க மட்டும்? அன்னைக்கு விடியமுன்ன வண்டிய எடுத்துட்டு எங்க போனீங்க? உங்க கையும் கரிமருந்து வாடதான் அடிச்சுது."

"அது டீசல் வாடை." அவன் உண்மையிலேயே திகைத்துப் போனான். "நீ என்னைய சந்தேகப்படுதியா?"

"பெட்டியத் தொறக்கலல்ல நானு."

 அவன் சொன்னது உண்மைதான், அது டீசல். அவளுக்கு அது தெரியும். தெரிந்தும் ஏன் கேட்டோம் என்று நினைத்தபோது, இந்த ஊர் தன்னையும் ஊர்க்காரியாக்கிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் காலையில் சத்தம் அவர்கள் வீட்டுப் புறவாசல் பூவரசுக்கு வந்தது. வந்தது போகவில்லை. இரண்டாம் நாள் அந்தரத்தில் ஒரு சுள்ளி மிதந்து வந்து கிளைக் கவட்டையில் படிந்தது, பிறகு இன்னொன்று. மூன்றாம் நாள், ஊரில் எங்கெங்கோ சத்தம் போடக்கூடாது என்று ஒளித்து வைத்திருந்ததெல்லாம் வந்து சேர ஆரம்பித்தது: துணி திணித்த மாட்டு மணி ஒன்று, சைக்கிள் பெல்லின் மூடி, கொலுசு முத்துகள், கோயிலின் பூட்டிய அறையில் இருந்த கைத்தாளம், யார் வீட்டு குக்கர் வெயிட்டோ. எல்லாவற்றையும் சுள்ளியோடு பின்னி, பூவரசின் பழுத்த மஞ்சள் இலைகளை உள்ளே மெத்தையாகப் போட்டு, சத்தம் கூடு கட்டிவிட்டது. பக்கத்துக் கிளையில் நீர்க்காகம் அடைகாத்துக்கொண்டிருந்தது.

ஊர் புறவாசலில் வந்து கூடியது. இனி விவாதத்துக்கு இடமில்லை. மூன்று தலைமுறை வழக்கம் இருக்கிறது. எந்த மரத்தில் கூடோ அந்த வீடு தாய்வீடு. பூலுடையார் தம் நீளப் புத்தகத்தை விரித்து, மரம் என்ற இடத்தில் பூவரசு என்றும், தாய்வீடு என்ற இடத்தில் கொம்பையா வீடு என்றும் எழுதினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. அவர் குரலில் கண்டிப்பைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

"மருமவளே, தப்பா நெனைக்காத. ஒன் ஊரு சத்தம் ஒன்னையத் தேடி வந்திருக்கு. நீ ஒன் அம்மை வீட்டுக்குப் போனா அதுவும் பொறத்தால வந்துரும். திருக்கார்த்திகைக்கு முன்ன போயிட்டு, தை பொறந்து வா."

"அது வரலன்னா, பெரிய மாமா?"

"வரும்."

"நான் திரும்பி வரும்போது அதுவும் வந்துட்டா?"

அவர் புத்தகத்தை மூடினார். ஆவுடைத்தாய், "அப்பம் வராண்டாம்" என்று மெதுவாகச் சொன்னாள். கொம்பையா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிரமு மருமகளின் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பிப் போவதென்றால் என்னவென்று முனீஸ்வரிக்குத் தெரியும். அம்மா அழுவாள், ஒரு மாதம் சோறு போடுவாள், பிறகு பட்டறைக் கணக்குப்பிள்ளையிடம் போய்ப் பேசுவாள். அக்கா உட்கார்ந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. புறப்பட இன்னும் நான்கு நாள் இருந்தது. அந்த நான்கு நாளும் அவள் வேறு எங்கும் போகாமல் பூவரசின் கீழே உட்கார்ந்தாள். கிளை தாழ்ந்தது. கை தானாகக் காதுக்குப் போயிற்று. பிறகு, என்ன நினைத்தாளோ, இதைவிட மோசமாக என்ன கேட்டுவிடப் போகிறது என்று நினைத்தாளோ, கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

ஊர் காதைப் பொத்தப் பழகிய பிறகு, வாகைநேரியில் அந்தச் சத்தத்தைக் காது திறந்து கேட்ட முதல் ஆள் அவள்தான்.

முதல் தடவை சத்தம் மட்டும்தான் கேட்டது, அவ்வளவுதான். அடுத்த தடவை, வெடிப்பதற்கு முன்னால் 'டக்' என்று இரும்பில் இரும்பு தட்டுகிற ஒன்று இருந்தது. அதற்கடுத்த தடவை, வெடித்ததற்குப் பின்னால் ஈர இலைகளுக்குள் கடுகை வாரி எறிந்தாற்போல் ஈய ரவை சிதறுகிற சத்தம். மூன்றாம் நாள், சேற்றுத்தண்ணீர் தெளிந்து அடிமணல் தெரிகிற மாதிரி சத்தமே தெளிந்து, அதற்கும் பின்னால் ஒரு காட்டுப்பன்றி வீறிட்டு ஓடுவதும், அதன் பின்னால் ஒரு நாய் குரைப்பதும், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு மனிதக் குரலும் கேட்டது. யாருடைய குரல் என்று தெரிந்ததும் அவளுக்கு முதலில் வந்தது தன்மேல்தான் சந்தேகம். அப்பாவின் காது தனக்கும் வந்துவிட்டதோ, போகப் பிடிக்காத மனசு இல்லாததைக் கேட்கிறதோ என்று இன்னும் மூன்று வேளை கேட்டாள். மூன்று வேளையும் அதே குரல், அதே நாலு சொல். அவள் யாரிடமும் சொல்லவில்லை. தன் வாயால் சொன்னால் அது தன் சத்தமாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

புறப்படுகிற அன்று உச்சிப்பொழுதுக்கு முன்னாலேயே ஊர் வந்துவிட்டது. வழியனுப்ப வந்தது அவளையல்ல, சத்தத்தை. அது எப்படிக் கிளம்பும், ஆட்டோவுக்கு மேலே பறக்குமா, உள்ளே உட்காருமா என்று பார்க்க ஆசை. தகரப்பெட்டி ஆட்டோவில் ஏறியிருந்தது. கொம்பையா வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பூலுடையார் முன்னால் நின்றார், செவலை அவர் காலடியில் படுத்திருந்தது. கிளை தாழ ஆரம்பித்தது. யாரோ துண்டை வீசினார்கள். ஊரே காதைப் பொத்தியது.

முனீஸ்வரி மாமியாரிடம் போய், காதைப் பொத்தியிருந்த இரண்டு மணிக்கட்டையும் பிடித்து மெல்ல விலக்கினாள். "அத்தே, ஒரே ஒரு தடவ. கையெடுத்துட்டுக் கேளுங்க. அதுக்கப்புறம் போகச் சொன்னா போயிர்றேன்."

பிரமு அவள் உள்ளங்கையைப் பார்த்தாள். மருதாணி முழுதாகப் போய் ரேகை ரேகையாக வெள்ளி மினுங்கியது. பிரமு கையை இறக்கினாள். அதைப் பார்த்துக் கொம்பையா இறக்கினான். இறக்கியவர்கள் எதையோ கேட்கப் போகிறார்கள், தாம் மட்டும் கேட்காமல் போய்விடுவோம் என்ற நினைப்பை வாகைநேரியில் யாராலும் தாங்க முடியாது. ஆவுடைத்தாய் இறக்கினாள், டீக்கடைக்காரர் இறக்கினார், வரிசையாக எல்லாக் கைகளும், கைகாட்டில் விரிவது போல, இறங்கின.

சத்தம் வெடித்தது. இரும்பு தட்டியது, ரவை சிதறியது, பன்றி வீறிட்டது, நாய் குரைத்தது. அதன் பிறகு, பூவரசின் உச்சியிலிருந்து, எல்லாருக்கும் நன்றாகத் தெரிந்த ஒரு குரல் சொன்னது:

"ஏ செவலை! விடுல, போயிட்டுது!"

காலடியில் படுத்திருந்த செவலை எழுந்தது. மரத்தடிக்கு ஓடி, மேலே பார்த்து வாலை ஆட்டியது. பிறகு திரும்பிப் பூலுடையாரைப் பார்த்தது. மறுபடி மரத்தைப் பார்த்தது. இரண்டு இடத்தில் எஜமானர் இருந்தால் ஒரு நாய் என்ன செய்யுமோ அதைச் செய்தது: நடுவில் நின்று இரண்டு பக்கமும் வாலை ஆட்டியது.

பூலுடையார் இன்னும் காதைப் பொத்திக்கொண்டுதான் நின்றார். ஊரில் கேட்காதவர் அவர் ஒருவர்தான். எல்லா முகங்களும் தம்மைப் பார்ப்பதைக் கண்டு, மெல்லக் கையை எடுத்தார்.

"என்ன?" என்றார்.

 அவர் செவலையின் வாலைப் பார்த்தார். பிறகு அப்படியே சருகுக் குவியலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"என் கடலைச் செடி, வே," என்றார், யாரிடமென்று இல்லாமல். "ஒரு வாரத்துல பாதியத் தோண்டிட்டுது. பன்னிதான. பறவை இல்லியே. அன்னைக்கு சுத்துப்பட்டி ஊரெல்லாம் வெடிப்பானுவ, அதோட அதா ஒரு துப்பாக்கிச் சத்தமும் போயிரும்னு நெனைச்சேன்."

"ஏன், பன்னி பிள்ளை பெறாதாக்கும்?" என்றாள் பிரமு. பிறகு ஆட்டோவிடம் போய்த் தகரப்பெட்டியைத் தானே இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஏல கொம்பையா, வண்டிய நிழல்ல போடு. வெயில்ல சீட்டு காயுது. முனீசு, உள்ள வா, உலை வச்சது கொதிக்கி."

முனீஸ்வரி உடனே உள்ளே போகவில்லை. கொம்பையாவைப் பார்த்தாள். அவன், "பெட்டிய இனிமே தொறக்க மாட்டேன்" என்றான். "தொறங்க, ஆனா மூணா மடிங்க" என்றாள் அவள்.

பூலுடையாரை ஊர் தள்ளிவைக்கவில்லை. அந்தத் துப்பாக்கி என்னவாயிற்று என்பது எனக்குத் தெரியாது. குளத்தில் போட்டார் என்றும், போலீசில் கொடுத்தார் என்றும், அது இரவல் வாங்கியது, கொடுத்தவரிடமே போய்விட்டது என்றும் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். அவரைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான்: அந்தக் கார்த்திகையும் மார்கழியும் மூன்று வேளையும் அவர் பூவரசடிக்கு வந்து, காதைப் பொத்தாமல் நின்று கேட்டுவிட்டுப் போனார். ஊரார் கைகளை மோந்து பார்ப்பதை விட்டார்கள். விட்டபோது பலருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. கிளறிய சருகுகளை மறுபடி குவித்தார்கள். தேரைகள் வந்தன, சாரை கடைசியாக வந்தது. தையில் குஞ்சுகள் பறக்கப் பழகி, நாரைகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பியபோது, பூவரசுக் கிளை ஒருநாள் மேலே எழும்பி நின்றது, பிறகு தாழவே இல்லை. மாட்டு மணியையும் குக்கர் வெயிட்டையும் அவரவர் வந்து எடுத்துப்போனார்கள்.

இந்தக் கதையைக் கேட்ட அடுத்த மாசியில் நான் வாகைநேரிக்குப் போனேன். குளம் வற்றிக்கொண்டிருந்தது, பறவை எதுவும் இல்லை. யாரிடமும் கதையைப் பற்றிக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. கூடுகளின் புத்தகத்தைப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டேன். பள்ளிக்கூட அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். முப்பத்தொரு வருஷக் கணக்கு, எல்லாம் ஒரே கையெழுத்து. முதலிலிருந்து கடைசிவரை, விரலை வைத்துக்கொண்டு, ஒரு வரி விடாமல் பார்த்தேன். கடைசிக்கு முந்தின பக்கத்தில், பறவையின் பெயர் எழுதுகிற இடத்தில் ஒன்றும் எழுதாமல் விட்ட ஒரு வரி இருக்கிறது. மரம்: கொம்பையா வீட்டுப் பூவரசு. கூடு: ஒன்று. தாய்வீடு என்ற இடத்தில் 'கொம்பையா வீடு' என்று எழுதி, படிக்கத் தெரியும்படி ஒரே கோடாக அடித்து, அதற்கு மேலே அதே கையெழுத்தில் 'பூலுடையார் வீடு' என்று எழுதியிருக்கிறது. மரம் ஒரு வீட்டிலும் தாய்வீடு இன்னொரு வீட்டிலுமாக இருக்கிற வரி அந்தப் புத்தகத்தில் அது ஒன்றுதான். இரண்டு முறை பார்த்துவிட்டேன்.